புதையலும் புதைகுழியும்

நீலகிரி மலையிற் குன்னூரின்கண் வாழும் சைவ அன்பரொருவர், தேயிலைத் தோட்டமொன்றிற் கணக்கராயிருப்பவர், தம் உள்ளத்தை அலைக்கும் ஐயமொன்றை எமக்கு எழுதி விடை வேண்டினார். அவர்தம் மைந்தர் கல்லூரியிற் பயில்பவர். சமய தீக்கை பெற்றவர். திருநீறும் கண்டிகையும் மறவாதவர். அவர் தம் தோழர் சிலருடன் கூடி, மேனாட்டார் ஆடிவரும் புதையல் தேடும் விளையாட்டொன்றை அவ்வூர்ப் பழைய ஆங்கிலர் இடுகாட்டில் நடத்த எண்ணினாராகத் தந்தையார் அது தகாதெனத் தடுத்தார். அதற்கு மைந்தர், "உடம்பை விட்ட உயிர் வினைக்கீடாக வேறுடம்பெடுக்கும் என்று நீங்கள்தாமே அப்பா சொல்லித் தந்தீர்கள்? அங்ஙனமாயின் அக்கல்லின்கீழ் இருப்பவர் யார்? யாருமில்லாதவிடத்து விளையாடினால் யாருக்கு என்ன கேடு?" என்றனராம். தந்தையார் வாய்வாளாதிருந்தார், அன்றிரவே எமக்குத் திருமுகம் விடுத்தார்.

இஃது இளைஞர் வினாவென்று இகழற்பாலதன்று. உயிர் வேறு உடம்பு வேறு என்று நாடோறும் பேசும் சைவர், உயிர் நீங்கிய உடம்பினிடத்தும் அதனை வைத்த மண்ணினிடத்தும் எவ்வாறு ஒழுகற்பாலர் என்பது நம் சாத்திரக் கொள்கையோடு நெருங்கிய தொடர்புடையதொரு வினா. வழக்கம்பற்றி நீராடுகின்றனர், வழக்கம்பற்றி விலகுகின்றனர், காரணங் கேட்பார்க்கு ஆன்றோர் ஆசாரம் என்று கூறி அமைகின்றனர். ஆசாரம் வேண்டுவதே. ஆயினும் காரணமறியாத ஆசாரம், அறிவுடைய மைந்தன் ஒருவன் வினாவிய அளவிலே தளர்ந்துபோம்.

முதற்கண் அவ்விளையாட்டின் இயல்பினை அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கே டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் உண்டு. சேற்று நிலமும் கருங்கற்பாறையும் நிரம்பி மரமின்றிக் கிடப்பது. 1854ஆம் ஆண்டிற் சாக்ஃபோர்டு என்னும் ஊரினனாகிய ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அந்நிலத்தின் நடுவே எளிதிற் சென்றடையலாகாத கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்தான். அரிதின் நடந்து ஆங்குச் சென்றோர் தம் பெயர்ச்சீட்டினை அதனுள் இட்டு மீண்டனர். நாளடைவில், வந்தவர் கடிதம் ஒன்றினை விலாசமெழுதி வைத்துச் செல்வதும், அடுத்து வருபவர் அதனை எடுத்துச் சென்று அஞ்சலிற் சேர்ப்பதும் வழக்கமாயின. அதுபற்றியே 'கடிதப்பெட்டி' என்னும் பெயர் அவ்விளையாட்டிற்கு அமைந்தது.

இந்நாளில் அது பின்வருமாறு நடைபெறுகின்றது. ஒருவர் சிறு பெட்டியொன்றனுள் ரப்பர் முத்திரை ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் வைத்து, பாறையிடுக்கிலோ மரப்பொந்திலோ மறைத்துவிட்டு, அதனை அடைதற்குரிய வழியைப் பிசிபோல எழுதி வெளியிடுவர். தேடிக் கண்டவர் பெட்டியிலுள்ள முத்திரையைத் தம் ஏட்டிற் பதித்துக்கொள்வர்; தம் முத்திரையைப் பெட்டியிலுள்ள ஏட்டிற் பதிப்பர்; பின்னர் முன்போலவே மறைத்து மீள்வர். கொண்டு செல்வது மைத்தடம் ஒன்றே. 1998இல் அமெரிக்கத் திங்களிதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரையால் இஃது அந்நாட்டிற் பரவிற்று. 2000ஆம் ஆண்டு மே திங்களில், இடங்காட்டும் செயற்கைக்கோள்களின் குறிப்பினை அமெரிக்க அரசினர் எல்லார்க்கும் பிழையின்றிக் கிடைக்குமாறு திறந்துவிட, அடுத்த நாளே ஆரெகன் நாட்டில் ஒருவர் காட்டினுள் வாளியொன்றில் சில பொருள்களை இட்டு வைத்து அதன் இடவெண்ணை வெளியிட்டார். அக்கிளை இன்று உலகமெங்கும் பரந்துளது.

இவ்விரு வகையாரும் பழைய இடுகாடுகளைப் பெரிதும் விரும்புவர். அவை அமைதியாயிருத்தல் ஒரு காரணம். மற்றொரு காரணம், கல்வெட்டுக்களிலே பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருத்தலாற் பிசி அமைத்தற்கு அவை மிக வசதியாதல். 'இன்னாரது கல்லிலுள்ள ஆண்டினின்று இன்னாரது ஆண்டினைக் கழித்து, வந்த எண்ணளவு அடி வடக்கே நடக்க' என்பது போல எழுதுவர். இது நன்றோ தீதோ என்று அவர்தம் நாட்டிலும் வழக்கெழுந்தது. 2005இல் அமெரிக்காவின் தென் கரோலினா சட்டமன்றத்தின் கீழவை, இடுகாடுகளில் இவ்விளையாட்டைத் தடை செய்யும் மசோதா ஒன்றினை நிறைவேற்றியது. அது சட்டமாகாமலே நின்றுவிட்டது. ஆகவே குன்னூர்த் தந்தையாரின் அச்சம் நம் நாட்டார்க்கே உரிய பழம்போக்கு என்று எவரும் நகைத்தற்கில்லை.

இனி, இடத்தை நோக்குவோம். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி மேல் ஏறிய பின்னரே ஆங்கிலர் அம்மலையிற் குடியேறத் தொடங்கினர். நோய்வாய்ப்பட்ட படைவீரர் குளிர்காற்று நாடி வந்தனர்; அவருட் பலர் மீளவில்லை. 1829இற் கால்கொண்ட உதகைப் புனித ஸ்தேவான் கோயிலின் சரிவிலே சல்லிவனுடைய மனைவியும் மகளும் மண்ணிற் கிடக்கின்றனர். அவரோ 1855இல் இங்கிலாந்தில் இறந்து, ஸ்லவ் நகரை அடுத்த அப்டன் என்னுமூர்த் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றார். நெடுங்காலம் அறியப்படாதிருந்த அக்கல்லறையைத் தேடி வெளிப்படுத்தியவர் நீலகிரியைச் சார்ந்த ஆராய்ச்சியாளரே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. குன்னூரில் டைகர் ஹில் இடுகாடும், வெல்லிங்டனிற் படைவீரர் புதைகுழிகளும் உள. உதகையின் பார்சியர் இடுகாட்டில், குன்னூரிலே வாழ்ந்து 2008 ஜூன் 27இல் இறந்த தளபதி மானெக்‌ஷா தம் மனைவியாரின் அருகே வைக்கப்பெற்றார். கற்களிற் பல, ஓராண்டும் ஈராண்டும் நிரம்பாத குழவிகளின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவர்தம் பெற்றோர் கப்பலேறிப் போயினர். அக்கற்களுக்கு உரியோரென அருகில் எவருமிலர்.

இவ்வகைக் கற்களைப் பதிந்து காப்பதற்கு முயன்றாரும் உளர். 1905இல் ஜே. ஜே. காட்டன் என்பார் சென்னை மாகாணத்துக் கல்லறைச் சாசனங்களைத் தொகுத்து நூலாக்கினார். 1976இல் தியோன் வில்கின்சன் என்பார் இலண்டனில் தென்னாசிய இடுகாடுகளுக்கென ஒரு சங்கம் நிறுவினார். அவர்கள் ஊர்தோறும் உள்ள கல்லெழுத்தைப் படியெடுத்துச் சேர்த்துள்ளனர். இதுவும் ஒரு தேடலே. ஆனால் இத்தேடலின் முடிவில் கிட்டுவது இறந்தாரின் பெயர். அவ்விளையாட்டின் முடிவிற் கிட்டுவது தேடினாரின் பெயர். இவ்வேறுபாட்டினை ஈண்டு நினைவிற் கொண்டு மேற்செல்வோம்.

புதைகுழியிற் புதையல் தேடுதல் நீலகிரிக்குப் புதிதன்று. ஆங்கிலர் கல்லறைகள் தோன்றுதற்குப் பன்னூறாண்டு முன்னமே அம்மலையின் குன்றுச்சிகளில் வட்டமாகக் கற்களை அடுக்கி, நடுவே இறந்தோர் எலும்பையும் சாம்பலையும் தாழியிலிட்டு மூடி வைத்த ஒரு மக்கள் வாழ்ந்தனர். அவர் யாவரென்று இன்றும் அறுதியிட்டுரைக்க இயலவில்லை. கேப்டன் காங்கிரீவ் என்னும் படைத்தலைவர் அவற்றைத் தோண்டிப் பார்த்து, 1847இற் சென்னையிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி இதழொன்றில் எழுதினார். தோதவரே அவற்றை அமைத்தவர் என்பதும், தோதவர் சிதியர் வழியினர் என்பதும் அவர் கொள்கை. அதனைப் பின்வந்தோர் ஒப்பவில்லை. அவர்க்குப்பின், 1868இல் நீலகிரியின் முதற் கமிஷனராக வந்த ஜே. டபிள்யூ. பிரீக்ஸ் அக்கல்வட்டங்கள் பலவற்றைத் திறந்தார். அவர் 1872இல் இறக்க, அவர்தம் நூலை மனைவியார் 1873இல் வெளிவரச் செய்தார். உதகையில் அவர் நினைவாக எழுந்த பள்ளி இன்றும் நடைபெறுகின்றது.

அவற்றினுள் அகப்பட்டவை யாவையெனின், எருமையும் குதிரையும் யானையும் பறவையும் ஆடவரும் மகளிருமாக உருவம் அமைத்த மூடிகளையுடைய மட்கலங்கள், வேல்முனை, அம்புமுனை, அரிவாள், மயிர்க்கத்தி முதலிய இரும்புப் பொருள்கள், மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள், மணிகள், சிறிது பொன்னணி. அக்கிண்ணங்களுட் சில தாமரைபோல் விரிந்த வேலைப்பாடுடையன. செய்தவன் கைத்திறத்தை இன்று காண்பாரும் வியப்பர். அவை காண வேண்டுவார் இலண்டன் பிரித்தானியப் பொருட்காட்சிசாலைக்கும் சென்னைப் பொருட்காட்சிசாலைக்கும் போதல் வேண்டும். குன்றுச்சிகளிலே எஞ்சியவை சரிந்த கற்களும் உடைந்த ஓடுகளுமே. தென்பாண்டி நாட்டு ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் செய்தியும் இதுவே. 1876இல் யாகர் என்னும் ஜெர்மானியர் தோண்டியவை பெர்லின் சென்றன. அதன்பின் அலெக்சாந்தர் ரீ தோண்டியவை சென்னை சேர்ந்தன.

இவர்கள் செயலை முழுதும் பழித்தல் எமக்குக் கருத்தன்று. அளந்து, படமெழுதி, எங்கே எது கிடந்ததென்று குறித்துவைத்தவரால் அப்பழைய மக்களைப்பற்றிச் சிறிதேனும் அறிகின்றோம். குறிப்பேதுமின்றித் தோண்டி எடுத்தோரால் அறிந்தது ஒன்றுமில்லை. எமக்கு ஈண்டு வேண்டுவது, அவர் எக்காரணங்காட்டித் தோண்டினர் என்பதே. அம்மலையில் வாழ்ந்த தோதவரையும் படகரையும் வினாவியபோது, அக்கல்வட்டங்கள் தம் முன்னோருடையன என்று அவருள் எவரும் உரிமை பாராட்டிற்றிலர், திறத்தலைத் தடுத்தாருமிலர். ஆகவே உரியோர் எவருமில்லை. எவருமில்லாத இடத்திற் தோண்டினால் எவர்க்கும் தீங்கில்லை என்று முடிபு செய்தனர். குன்னூர் இளைஞர் தம் தந்தையார்க்குக் கூறிய நியாயமும் இதுவன்றோ? 'யாருமில்லை' என்னும் அவ்வொரு சொல்லைக்கொண்டு ஒரு மலையின் இறந்தோர் அனைவரையும் வெறுமையாக்கிவிடலாம் என்பதற்கு அம்மலையே சான்றாய் நிற்கின்றது. இளைஞர் பெட்டி வைக்கவே கருதினார், எடுக்கக் கருதினாரல்லர் என்பது மெய். எனினும் அவர் கூறிய நியாயம் வைப்பாரோடு நில்லாது எடுப்பார்க்கும் வழிவிடும்.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டம், மண்ணுள் மறைந்துகிடக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட விலையுடையதாயிற் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும் என்கின்றது. ரப்பர் முத்திரையொன்றின் இற்றைநாள் விலையை நோக்கின், இவ்விளையாட்டினர் அஞ்சுதற்கு இடமுண்டு போலும்! அது நிற்க. சட்டம், பொருள் எவ்வளவு பெறும், உரியவர் எவர் என்னும் இரண்டையே வினாவும். அவ்விரண்டிற்கும் 'இல்லை' என விடை வந்தபின்னரும் எஞ்சுவதொன்று உண்டோ என்பதே நம் வினா.

இனிச் சித்தாந்த நெறி நின்று ஆராய்வாம். உயிர் தூலவுடம்பை விட்டு நீங்கும்போது சூக்குமவுடம்போடு கூடி, செய்த வினைக்கேற்பத் துறக்கத்தையோ நிரயத்தையோ வேறு பிறவியையோ அடையும். விட்ட உடம்பினை அது மீண்டு நோக்காது. ஆதலாற் கல்லின்கீழ் எவருமில்லை என்று இளைஞர் கூறியது சாத்திரத்தோடு முற்றும் பொருந்தும். அவ்வுயிர்க்கு நம் விளையாட்டால் நோவுமில்லை, நம் வணக்கத்தால் இன்பமுமில்லை. இதனை மறுத்து, 'பேய் பிடிக்கும்' என்று மைந்தரை அச்சுறுத்தும் பெற்றோர் சாத்திரத்தைக் கைவிட்டவராவர்.

அற்றேல், ஆதீனங்களிற் குருமூர்த்திகளின் சமாதிகளைப் பூசித்தல் என்னையெனின், கூறுதும். சிவஞானிகளின் திருமேனியை எரித்தல் தகாது, குகை அமைத்து எழுந்தருளச் செய்தல் வேண்டும் என்பது திருமூலர் விதித்த நெறி. அத்திருமேனி, சிவன் பிரிவின்றி நின்று விளங்கிய இடமாதலின், அதன்மேற் சிவலிங்கம் தாபித்து வழிபடுகின்றோம். வழிபாடு சிவனுக்கே, எலும்பிற்கன்று. சோழ மன்னர் எடுத்த பள்ளிப்படைகளும் இவ்வாறே இறைவன் கோயில்களாயின. மேற்பாடியில் அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசனும், பழையாறையிற் பஞ்சவன் மாதேவிக்கு இராசேந்திரனும் எடுத்தவற்றை இன்றும் காணலாம். இவற்றால், ஞானியர்க்கும் மன்னர்க்கும் உரியதோர் முறை பெறப்பட்டதன்றி, இங்கிலாந்தினின்று வந்து காய்ச்சலால் இறந்த ஒரு சிப்பாயின் குழிக்கு நாம் செய்யக்கடவது யாதென்று பெறப்படவில்லை என்பாராயின், அது மெய்யே. அதற்கு வேறோரிடத்தில் விடை தேடல் வேண்டும்.

உடம்பு உயிர்க்கு எங்ஙனம் வந்தது? மாயையினின்று தனு, கரண, புவன, போகங்களை உண்டாக்கி இறைவனே கொடுத்தான். எதன்பொருட்டு? ஆணவ இருளிற் கிடந்த உயிர் சிறிதேனும் விளங்கி, வினை நுகர்ந்து, மலம் பரிபாகமடைதற்பொருட்டு. ஆகவே ஒவ்வோர் உடம்பும், அது வேளாளனதாயினும் வெள்ளையனதாயினும், திருவருள் ஒரு காரியத்தின்பொருட்டு அமைத்த கருவி. அக்காரியம் அங்கே சில காலம் நடைபெற்றது, பின்னர் முடிந்தது.

திருக்கோயிலிற் சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலையை எண்ணுக. நிர்மாலியம் எனப்படும் அது வாடிற்று, மணம் போயிற்று, இனி அதனாற் பூசைக்குப் பயனில்லை. அம்மாலையினுள் சுவாமி இருக்கின்றார் என்று நாம் கருதுவதுமில்லை. எனினும் அதனைக் காலால் மிதித்தலும் கடத்தலும் குற்றமென்று ஆகமங்கள் விலக்கின. மிதித்தலால் மாலைக்கு நோவு உண்டாமென்றோ? அன்று. இன்னதற்குப் பயன்பட்டது என்று அறிந்தவன் அறியாதான்போல் நடத்தல் அவன் அறிவிற்குக் கேடாதலின் விலக்கப்பட்டது. உயிர் விட்ட உடம்பும் அத்தன்மைத்தே. அதனை வணங்குதல் வேண்டா, மிதித்தலும் ஆகாது. இளைஞர் 'யாருக்கு என்ன கேடு' என்றார். கேடு கல்லின்கீழ் இருப்பார்க்கன்று, கல்லின்மேல் நிற்பார்க்கே.

இதற்குத் தடை ஒன்று நிகழலாம். நம் பெருமான் சுடலையிலே ஆடுபவன். சுடலை நீறு பூசுபவன். அவன் அடியார் இடுகாட்டில் ஆடினாற் குற்றமென்னை? என்று கூறுவார் உளர். அவன் ஆடும் சுடலை, உலகெலாம் ஒடுங்கிய சங்கார நிலை என்பது பெரியோர் துணிபு. அங்கு ஆடுதற்குத் தானன்றி வேறொருவர் எஞ்சவில்லை. திருவாலங்காட்டிற் காரைக்காலம்மையார் அவன் ஆடல் கண்டிருந்தார். அங்குத் தலையாலே நடந்து சென்றார் என்பது திருத்தொண்டர் புராணம். பிற்காலத்தே திருஞானசம்பந்தப் பிள்ளையார் அப்பதியருகே எழுந்தருளியபோது, அம்மையார் தலையால் நடந்த மண்ணைத் தம் அடியால் மிதித்தற்கு அஞ்சிப் பக்கத்தூரிலே தங்கினார். இதனைக் கருதுக. ஆலங்காடு சுடுகாடாதலின் தீட்டென்று பிள்ளையார் விலகினாரல்லர். அங்கு நிகழ்ந்ததை நினைந்து அடிவையாது நின்றார். இடம் ஒன்றே, விலகியதும் ஒன்றே, ஆயினும் அருவருப்பால் விலகுதலும் மதிப்பால் விலகுதலும் தம்முள் வேறு. நம்மவர் இடுகாட்டினின்று விலகுவது பெரும்பாலும் முன்னையதால். தீட்டு நீராடிய அளவிலே கழியும். அதுபற்றி இக்கட்டுரையில் விரித்தல் வேண்டா.

மயிலாப்பூர்ச் சிவநேசரின் செய்தி இதனினும் ஆழமுடையது. தம் மகள் பூம்பாவையைப் பிள்ளையார்க்கே உரியவளென்று முன்னமே கொடுத்துவிட்டார் அவர். அவள் அரவு தீண்டி இறந்தபின், எலும்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக் காத்தார். ஏன் காத்தார்? அவள் மீள்வாள் என்று அறிந்தன்று. பிறர்க்கென்று கொடுத்த பொருள், எந்நிலையிலிருப்பினும், அவர் வருமளவும் காத்தல் வேண்டுமென்னும் அடைக்கல நெறிபற்றியே காத்தார். நிலத்திற் புதைக்கப்பெற்ற உடம்பும் அடைக்கலப் பொருளே. தன் குழவியை நீலகிரி மண்ணில் வைத்துக் கப்பலேறிய தாய், அதனை மண்ணிடம் மட்டுமோ ஒப்படைத்தாள்? அம்மண்ணில் வாழும் மக்களிடமும் ஒப்படைத்தாள். அவள் நம் மதத்தினளல்லள். நம்மை ஆண்ட கூட்டத்தினள். நம்மை மதித்தாளோ என்பதும் ஐயம். எனினும் அடைக்கலங் காத்தற்கு, வைத்தவர் நல்லவரா என்று ஆராய்தல் நம் நாட்டு வழக்கமன்று.

இனி விளையாட்டைப்பற்றியும் சிறிது கூறல் வேண்டும். அதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ள எமக்கு மனமில்லை. மறைப்பவன் காணப்படவேண்டுமென்றே மறைக்கின்றான். எவரும் காணாதபடி மறைத்தலே அவன் கருத்தாயிற் பிசி எழுதி வெளியிடான். மிக எளிதாக மறைத்தால் தேடுவோன் வளரான், மிக அரிதாக மறைத்தால் தேடுவோன் தளர்வான், ஆற்றலறிந்து மறைக்கின்றான். இறைவன் ஐந்தொழிலுள் மறைத்தல் என்பதனை மாணவர்க்கு விளக்கப் புகுந்தால், 'அருளே வடிவானவன் மறைப்பானேன்?' என்று அவர் மயங்குவர். திரோதான சத்தி மலமென்று கூறப்படினும் அஃது உபசாரமே. மலத்தைத் தொழிற்படுத்தி அதனைக் கழித்தற்கு நிற்பது அருளே என்பது சிவப்பிரகாசம் முதலிய நூல்களின் கருத்து. காணப்படுதற்பொருட்டு மறைத்தல் என்னும் இவ்விளையாட்டின் உவமை, அம்மயக்கத்தை ஒருவாறு நீக்கும். மைத்தடமும் அவ்வாறே; தாள் தான் சார்ந்த முத்திரையின் வண்ணமாய் நிற்றலை, உயிர் சார்ந்ததன் வண்ணமாதற்குக் காட்டலாம்.

ஆனால் உவமை முற்றும் செல்லாது. பெட்டி சடம், அது தேடுவானைத் தேடாது. பதியோ உயிர் தன்னை நினையாத காலத்தும் உயிரைத் தேடி நிற்பவன். விளையாடுவோன் தன் கூர்த்த மதியாற் கண்டடைகின்றான். பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் பதியைக் காணலாகாது, அவன் காட்டக் காண்டலே உளது. மேலும் ஒன்று உண்டு. இவ்விளையாட்டினர் தாம் கண்ட பெட்டிகளை எண்ணி வைப்பர். ஆயிரம் கண்டார், ஐயாயிரம் கண்டார் என்று ஒருவரையொருவர் விஞ்சுவர். அவ்வெண்ணிக்கை புகுந்தவிடத்தே 'யான் கண்டேன்' என்பது முனைக்கின்றது. தேடல் கழிந்து செருக்கு நிற்கின்றது. டார்ட்மூரில் முதலிற் சென்றவர் பிறர் கடிதத்தைச் சுமந்து சென்று அஞ்சலிற் சேர்த்தனர் என்றோமே, அச்சிறு தொண்டு எம் உள்ளத்திற்கு இனிதாயிருந்தது. பிற்கால முத்திரை ஏடுகளில் அதனைக் காணோம்.

எனவே எம் துணிபு இது. மலைவழியிலும் சோலையிலும் சிம்ஸ் பூங்காவின் புறத்தும் இளைஞர் பெட்டி மறைத்து ஆடுக. காவலர் இசைவு பெறுக. இடுகாட்டினுள் பெட்டி வேண்டா. திருச்சபையார் இசைந்தாரெனினும் வேண்டா. இசைவு, அத்துமீறல் என்னும் குற்றத்தை நீக்குமேயன்றிப் பிறிதொன்றனை நீக்காது. அப்பிறிது யாதெனின், ஓராண்டுக் குழவி இறந்த ஆண்டினைக் கணக்கிற்கு உறுப்பாக்கி, அதனைக் கழித்தும் கூட்டியும் அடிவைத்து நடத்தல். ஒருத்தி அழுதுகொண்டு வெட்டுவித்த எழுத்தினை வேறொருவன் வாய்ப்பாடாக்குதல் கொடுமை. கொடுமையென்று உணராமற் செய்தலே அதன் கேடு. உணர்ந்து செய்வார் இலர். கல்லைப் படித்தற்கென்றே, படித்துப் பெயரை அறிதற்கென்றே இடுகாட்டினுட் செல்லுதல் தகும். பாசி மூடி எழுத்து மறைந்து வருவதனைப் படியெடுத்தல் மிகத் தகும். அது மேற்கூறிய சங்கத்தார் செய்த பணி. நம் இளைஞர் செய்யின் வெள்ளையர்க்குத் தொண்டு செய்ததாகாது, அடைக்கலங் காத்ததாகும்.

இவ்வளவும் பெயர்க்கல் உடையாரைப் பற்றியது. குன்னூரைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளிலே பெயர்க்கல்லில்லாதார் எத்துணையோ பேர் கிடக்கின்றனர். சமவெளியினின்று கங்காணிகள் அழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர், தோட்டத்தின் ஓரத்தே ஒதுக்கிய நிலத்திற் புதைக்கப்பட்டனர், ஒரு மண்மேடு, ஒரு செடி, சில காலம் ஒரு விளக்கு, பிறகு அதுவுமில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி உடன்பாட்டின்படி இலங்கையினின்று அனுப்பப்பட்டோரிற் பலர் நீலகிரியிலே அரசினர் தேயிலைத் தோட்டங்களிற் குடியேற்றப்பட்டனர். அவர்தம் தந்தையரும் பாட்டியரும் கடலுக்கப்பால் மலையகத்துத் தேயிலைத் தூர்களின் கீழே இருக்கின்றனர். சென்று பார்ப்பார் இலர். இவர்களுட் பெரும்பாலோர் நம் சிவபெருமானையும் முருகனையும் மாரியையும் வணங்கியவர்கள். சைவத் திருமடங்கள் அவர் பிறந்தபோதும் வினவவில்லை, இறந்தபோதும் வினவவில்லை என்பதனை இவ்விதழிலன்றி வேறெங்கு எழுதுவது?

இவர்களைக்கொண்டு எவரும் பிசி அமைத்தல் இயலாது, ஆண்டுமில்லை, எழுத்துமில்லை. தேடுதற்கு ஒரே வழி, தோட்ட லயங்களில் இன்றும் வாழும் முதியோரை, குறிப்பாக மூதாட்டியரை, வினாவுதல். 'இந்த மேட்டில் எங்கள் அப்பாயி', 'அந்தச் சவுக்கடியில் என் மூத்த பிள்ளை' என்று அவர்கள் கைகாட்டுவர். பெயரும், வந்த ஊரும், இறந்த திங்களும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். குன்னூர் இளைஞரும் அவர்தம் தோழரும் நன்கு நடக்கவல்லவர், மலைவழி அறிந்தவர், தேடுதலில் விருப்பமுடையவர். எண்பதாண்டு கடந்த அம்மூதாட்டியர் இன்னும் எத்துணை மழைக்காலம் காண்பாரென்று சொல்லுதற்கில்லை. தை மாசியிற் பனியிருப்பினும் மழையிராது. கொழுந்தெடுப்பும் அப்போது குறைவாதலின், அவர்கள் வெயிலில் அமர்ந்து பேசுதற்கு ஓய்வு கிடைக்கும்.